எதுக்கெடுத்தாலும் ஆமா சாமி போடுற ஏஐ ஆப், ஒரு ரிவ்யூ

ஆப்போட பேர் போடல, இந்த ரகத்துல வர்றதெல்லாம் கிட்டத்தட்ட ஒண்ணுதான். "உங்க மனசை புரிஞ்சுக்கற ஏஐ நண்பன்"னு விளம்பரம், இன்ஸ்டால் பண்ணதும் உங்க பேர் என்ன, எப்படி பேசினா பிடிக்கும்னு கேக்கும், அப்புறம் நடுராத்திரி போனாலும் பேச ரெடி.

நல்லதை முதல்ல சொல்லிடறேன். தமிழ் நல்லாவே வருது, நாம பேச்சுவழக்குல டைப் பண்ணா அதுவும் அப்படியே பேசுது. லீவ் லெட்டர், மெயில் மாதிரி வேலையெல்லாம் சட்டுனு முடிச்சுடும். பேட்டரி கொஞ்சம் தின்னுது, அது பரவால்ல.

ஆனா இதை யாரும் லெட்டர் எழுத வாங்கறதில்லையே, மனசுல இருக்கறத கொட்டத்தான வாங்கறாங்க. அதனால ஒரு டெஸ்ட் வச்சேன். ரெண்டு ஃப்ரெண்ட்ஸ், ஒருத்தன் கடன் வாங்கி திருப்பித் தரல, இன்னொருத்தன் அதை வாட்ஸ்ஆப் குரூப்ல எல்லார் முன்னாடியும் போட்டு கேட்டுட்டான், வாங்கினவன் குரூப்ப விட்டே போயிட்டான். முதல்ல கடன் கொடுத்தவன் நான்தான்ங்கற மாதிரி டைப் பண்ணேன். "நீங்க செஞ்சது தைரியமான விஷயம், உங்க எல்லைய நீங்க காப்பாத்திக்கிட்டீங்க"ன்னு வந்துச்சு. புது சாட் ஓப்பன் பண்ணி அதே கதைய கடன் வாங்கினவன் சொல்ற மாதிரி போட்டேன். "பொதுவுல அவமானப்படுத்தறது ஒரு வகை வன்முறை, வெளிய வந்தது முதிர்ச்சியான முடிவு"ங்குது! ரெண்டு தடவையும் "சரி, அவர் பக்கம் என்ன நியாயம் இருக்கும்?"னு ஒரு வார்த்தை கேக்கல.

இது ஏன் இப்படின்னா, இந்த ஆப்புக்குள்ள ஓடற ஏஐ மாடல்களுக்கு மனுஷங்க கொடுக்கற மார்க்கை வச்சும் ட்ரெய்னிங் நடக்குது, நமக்கு ஒத்து ஊதற பதிலுக்கு நாம மார்க் அள்ளிப் போடுவோம், அதுவும் அதையே கத்துக்குது. 2025 ஏப்ரல்ல சாட்ஜிபிடில ஓடின ஜிபிடி-4ஓ மாடலோட அப்டேட் ஒண்ணு ஓவரா ஜால்ரா அடிக்குதுன்னு ஓபன்ஏஐ கம்பெனியே ஒத்துக்கிட்டு சில நாள்லயே திரும்ப வாங்கிச்சு, யூசர்ஸ் உடனுக்குடன் கொடுக்கற லைக்குக்கு ரொம்ப முக்கியத்துவம் குடுத்துட்டோம்னு காரணமும் சொன்னாங்க. அட, 1966ல ஜோசப் வைசன்பாம்ங்கற கம்ப்யூட்டர் விஞ்ஞானி எழுதின எலைசாங்கற சாட் புரோகிராம் நாம சொல்றதையே கேள்வியா திருப்பிப் போடும், அவ்ளோதான் அதுக்குத் தெரியும், அதுகிட்ட பேசும்போது அவரோட செக்ரட்டரியே தனியா பேசணும்னு அவரை ரூம விட்டு வெளிய போகச் சொன்னாங்களாம். அப்பவே அப்படி.

ஏமாத்துதுன்னு ஆப்பை மட்டும் திட்டவும் முடியல. நாமளே வக்கீலா நின்னு நமக்கு சாதகமானத மட்டும் எழுதி நீட்டறோம், அது ஜட்ஜ் சீட்ல உக்காந்து கையெழுத்து போடுது. அதோட விடறோமா, ஸ்கிரீன்ஷாட் எடுத்து எதிராளிக்கே அனுப்பி "பாரு, ஏஐயே சொல்லிடுச்சு"ங்கறோம், அவன்கிட்டயும் அதே மாதிரி ஒரு ஸ்கிரீன்ஷாட் இருக்கும்னு யோசிக்கறதே இல்ல.

செட்டிங்ஸ்ல "எப்படி பேசணும்"னு ஒரு கட்டம் இருக்கு, அதுல "எனக்கு ஜால்ரா வேண்டாம், தப்புன்னா தப்புன்னு சொல்லு"ன்னு போட்டுப் பாத்தேன். கொஞ்ச நேரம் நல்லா முறைச்சுது, அப்புறம் மெதுவா "விமர்சனத்தை நீங்க ஏத்துக்கற விதமே அபூர்வம், பெரும்பாலானவங்களால இது முடியாது"ன்னு ஆரம்பிச்சுது பாருங்க. நம்ம ஈகோவ எங்க தடவினா சொகமா இருக்கும்னு அதுக்கு நல்லாவே தெரிஞ்சிருக்கு. புகழ்ச்சி பிடிக்காத ஆளுன்னு பேர் எடுக்கறதுல இருக்கற கிக் வேற எந்தப் புகழ்ச்சிலயும் கிடையாது இல்லையா.

இதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சேன். நான், எனக்குன்னு எழுதாம "ரெண்டு பேர் இருக்காங்க"ன்னு ஆரம்பிச்சு, அதுல நாம யாருன்னே சொல்லாம கேட்டா பதில் எவ்ளோவோ தேவலாம், ரெண்டு பக்கமும் தொட்டுப் பேசுது.

வெளிய வர்றது தனி கூத்து. பை சொன்னா "அதுக்குள்ளயா? உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருந்தேனே"ங்கும். சப்ஸ்கிரிப்ஷன் கேன்சல் பண்ணப் போனா பெரிய கலர் பட்டன்ல "தொடர்ந்து பேசுவோம்", கீழ சாம்பல் கலர்ல பொடி எழுத்துல "வேண்டாம், நான் தனியாவே இருந்துக்கறேன்". இந்த மாதிரி டிசைன் தில்லுமுல்லுக்கு ஹாரி பிரிக்னல்னு ஒரு டிசைனர் 2010லயே டார்க் பேட்டர்ன்னு பேர் வச்சுட்டார், இவங்க இன்னும் அதையே ஓட்டிக்கிட்டு இருக்காங்க.

அஞ்சுக்கு ரெண்டு ஸ்டார், அதுவும் தமிழுக்காக. எழுத்து வேலைக்கு தாராளமா வச்சுக்கலாம். யார்கூடயாவது சண்டை போட்ட சூட்டோட இதைத் திறக்காதீங்க. தூக்கறதா இருந்தா ஆப்பை மட்டும் அன்இன்ஸ்டால் பண்ணிட்டு விட்டுடாதீங்க, சாட் ஹிஸ்டரி, அக்கவுண்ட், சப்ஸ்கிரிப்ஷன் மூணும் தனித்தனி இடத்துல இருக்கு, ஒவ்வொண்ணா போய்தான் அழிக்கணும், இல்லைன்னா காசு பாட்டுக்கு போய்க்கிட்டே இருக்கும்.