சூடான ஸ்லைஸ் பிரெட் கொடுத்தால் உஷார்

கும்பகோணம் பக்கம் சாயங்கால டீக்கு பிரெட் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு. வீட்டில் நாங்கள் இருவருமே பிரெட் பிரியர்கள். ஒரு பேக்கரியில் முந்தின நாள் பிரெட்டைச் சூடு காட்டி, "ஓவன்லேந்து இப்பத்தான் வந்துச்சு சார்" என்று எங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள். கேட்டால், "நேத்து சரக்குதான், கெட்டா போச்சு?" என்கிறார்கள். நேற்றையது என்று சொல்லி விலையைக் குறைத்து விற்கலாம், ரஸ்க் போடலாம். புதுசு என்று பொய் சொல்லக் கூடாது.

ஏமாற்று வேலையைக் காட்டிக்கொடுப்பதே அந்தச் சூடுதான். ஓவனிலிருந்து இறக்கிய பிரெட்டைச் சூட்டோடு ஸ்லைஸ் போட முடியாது. உள்ளே ஈரம் அடங்கியிருக்காது, கத்தி பட்டதும் ஒட்டி நசுங்கிவிடும். 400 கிராம் பிரெட்டை டின்னிலிருந்து தட்டியபின் ஒன்றரை, இரண்டு மணி நேரமாவது ஆறவிட்டுத்தான் மெஷினுக்கு அனுப்புவார்கள். ஆகவே ஸ்லைஸ் பிசிறில்லாமல் நேராக இருந்து, கவரும் கையைச் சுட்டால் அது மறுபடி சூடுபண்ணியது. பன்னோ முழு பிரெட்டோ சூடாகக் கிடைப்பது வேறு விஷயம், அதில் தப்பில்லை.

பழையது மெத்தென்று ஆவது எப்படி? பிரெட் ஆற ஆற அதிலுள்ள மாவுச்சத்து இறுகிக்கொண்டே வரும். 60 டிகிரிக்கு மேல் சூடு ஏறினால் அந்த இறுக்கம் தளரும். ஆறினதும் முன்னைவிடச் சீக்கிரம் இறுகிவிடும், ஈரமும் போயிருக்கும். சாயங்காலம் வாங்கியது ராத்திரிக்குள் ஓரமெல்லாம் வறட்டி மாதிரி ஆனால் காரணம் இதுதான். நடு ஸ்லைஸை விரலால் அமுக்கிப் பாருங்கள். புதுசு எழும்பி வரும். இது பள்ளமாகவே நிற்கும், இல்லையென்றால் உதிரும். தராசில் வைத்தும் பாருங்கள், கவரில் போட்ட எடையைவிடக் குறைந்திருக்கலாம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இது இன்னும் மோசம். சூட்டோடு கவரில் கட்டினால் உள்பக்கம் முத்துமுத்தாக வேர்க்கும், அந்த ஈரத்தில் பூஞ்சணம் சீக்கிரம் பிடிக்கும். இன்னொன்றும் உண்டு: மாவிலேயே இருக்கும் ஒருவகை பாக்டீரியாவின் வித்து ஓவன் சூட்டிலும் சாகாது. ஈரமும் புழுக்கமும் சேர்ந்தால் முளைத்து, பிரெட் ஊசிப்போகும். பிய்த்தால் நடுவில் நூல்விடும், அழுகிய அன்னாசிப்பழ வாடை அடிக்கும். டோஸ்ட் போட்டுச் சமாளிக்காதீர்கள், அப்படியே கொட்டிவிடுங்கள்.

வாங்கும்போது கவரில் தயாரிப்புத் தேதியும் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். தேதி ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் நெம்பினால் கீழே இன்னொரு ஸ்டிக்கர் தெரிகிறதா என்பதும் முக்கியம். தெரிந்தால் உடனே போட்டோ எடுத்து, பில்லோடு மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் பதியலாம். பில் தர மறுக்கும் கடையில் வாங்கவே வேண்டாம்.