41 வயதில் ஆட்டிசம் என்று தெரிந்த பிறகு: ஆக்குபேஷனல் தெரபியில் இரண்டு வருடம்

ஆட்டிசம்தான் என்று அறிக்கையைக் கையில் கொடுத்ததோடு சரி, அடுத்து என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை. நானாகத் தேடித்தான் ஆக்குபேஷனல் தெரபிக்குப் போனேன்; அன்றாட வேலைகளைச் சிரமம் குறைத்துச் செய்ய உதவும் சிகிச்சை அது. முதலில் போன இடத்தில் குழந்தைகளுக்கான ஊஞ்சலும் கலர் பந்துகளும்தான் இருந்தன. கண்ணைப் பார்த்துப் பேசப் பழக்கினார்கள். அதைத்தான் நான் வாழ்நாள் முழுக்க நடித்துக் களைத்திருக்கிறேன். இரண்டு முறையோடு நிறுத்திவிட்டேன்.

அடுத்துக் கிடைத்த தெரபிஸ்ட் வளர்ந்தவர்களுக்கும் சிகிச்சை கொடுத்துப் பழகியவர். "ஒரு நாளில் எந்த வேலை உங்களை அதிகம் களைப்பாக்குகிறது?" என்றுதான் ஆரம்பித்தார். அப்புறம் 60 கேள்விகள் உள்ள ஒரு படிவம். சத்தம், வெளிச்சம், தொடுதல், வாசனை என்று ஒவ்வொன்றுக்கும் நாம் எப்படி எதிர்வினை செய்கிறோம் என்று பார்ப்பது. என் சமையல் வெறுப்புக்குக் காரணம் சோம்பேறித்தனம் இல்லை, ட்யூப்லைட்டின் ரீங்காரமும் ஈரப் பாத்திரத்தின் வழுவழுப்பும்தான் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. விளக்கை மாற்றினேன், கையுறை வாங்கினேன். இவ்வளவு சின்ன விஷயத்துக்கா இத்தனை வருடம் என்னையே திட்டிக்கொண்டிருந்தேன் என்று அழுகை வந்துவிட்டது.

பசி, தாகம் எனக்குத் தாமதமாகத்தான் தெரியும். தலை சுற்றும்போதுதான் சாப்பிடவில்லை என்று உறைக்கும். அதனால் பசியை நம்பாமல் மணி பார்த்துச் சாப்பிடுகிறேன். அலாரச் சத்தம் தூக்கிவாரிப் போட்டதால் கையில் அதிரும் வாட்ச்சுக்கு மாறினேன். வேலை முடிந்து வந்ததும் 20 நிமிடம் இருட்டறையில், யாரோடும் பேச்சில்லை. வீட்டில் சண்டை பாதியாகக் குறைந்தது இதனால்தான்.

எல்லோரும் புகழும் எடைப் போர்வை (உடலை அழுத்தி அமைதிப்படுத்த உள்ளே கனம் வைத்துத் தைத்தது) எனக்கு ஒத்துவரவில்லை, ஒரே புழுக்கம். அலுவலகத்தில் சுவரோர இருக்கையும் எழுத்தில் வேலைக் குறிப்பும் கேட்டு வாங்க மூன்று மாதம் ஆனது. கடிதம் எழுத தெரபிஸ்ட்தான் உதவினார்.

இந்தத் தெரபி ஆட்டிசத்தை மாற்றாது, மாற்றும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சேரும் முன் "வளர்ந்தவர்களுக்குச் சிகிச்சை கொடுத்திருக்கிறீர்களா?" என்று கட்டாயம் கேளுங்கள்.

தெரபியில், ஒவ்வொரு வேலையையும் எவ்வளவு நன்றாகச் செய்ய முடிகிறது என்று பத்துக்கு நாமே மதிப்பெண் போட வேண்டும். சமையல் 3-லிருந்து 7-க்கு வந்துவிட்டது. ஃபோனில் பேசுவது அன்றும் 2, இன்றும் 2. அடுத்த மாதம் அதைத்தான் எடுத்துக்கொள்ளப் போகிறோம்.