பூனைத் தட்டுக்குப் பென்டோனைட் மண்ணா, மரத்தூள் குருணையா?

அடுக்குமாடியில் பூனை வளர்ப்போர் பலர் கழிவுத் தட்டில் எதை நிரப்புவது என்று தயங்குகிறார்கள்: களிமண் வகையான பென்டோனைட்டா, மரத்தூளை அழுத்திச் செய்த குருணையா?

பூனையின் விருப்பம்: இதுவே முதன்மையானது. பாலைநிலக் காட்டுப்பூனையின் வழிவந்த விலங்கு என்பதால், தோண்டிப் புதைக்க ஏற்ற நுண்மணல் போன்ற பென்டோனைட்டையே பெரும்பாலானவை ஏற்கின்றன. எங்கள் பூனை குருணைமேல் முன்னங்காலை வைத்து, உதறி, விளிம்பில் நின்றபடியே சிறுநீர் கழித்துவிட்டு, வெறும் பிளாஸ்டிக் சுவரைச் சுரண்டியது. அதைப் பிடிவாதம் என்று திட்டுவது நியாயமன்று.

சுத்தம்: பென்டோனைட் ஈரம் பட்டதும் உப்பிக் கட்டியாவதால் கட்டியை மட்டும் அள்ளினால் போதும். குருணையோ ஈரத்தில் தூளாக உதிர்வதால் சலித்தெடுக்க வேண்டும். எதுவாயினும் நாள்தோறும் அள்ளுவது நல்லது. மலத்தில் டாக்ஸோபிளாஸ்மா என்னும், கருவைப் பாதிக்கக்கூடிய ஒட்டுண்ணி இருந்தால் அது தொற்றும் நிலையை அடைய குறைந்தது 1 நாளாகும். கர்ப்பிணிகள் இவ்வேலையை வேறொருவரிடம் விடலாம்.

தூசியும் எடையும்: பென்டோனைட்டில் இரண்டும் மிகுதி; குருணை இலேசானது.

அப்புறப்படுத்தல்: பென்டோனைட்டைக் கழிப்பறையில் கொட்டினால் குழாய் அடைத்துக்கொள்ளும்.

எதையும் வாயில் போட்டுப் பார்க்கும், 2 மாதம் நிறையாத குட்டிகளுக்கும், அறுவைசிகிச்சைக்குப் பின் தையல் ஆறாத பூனைக்கும் குருணையே பாதுகாப்பு. மற்ற வளர்ந்த பூனைகளுக்கு, 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு நிரப்பிய வாசனையற்ற பென்டோனைட்டையே பரிந்துரைப்பேன். குருணைக்கு மாற விரும்புவோர் பழைய மண்ணில் சிறிது சிறிதாகக் கலந்து, 2 வாரங்களில் மாற்றலாம்.