பட்டுச் சேலைக்கு ஃபால்ஸ்: குண்டூசியா, ஓட்டுத் தையலா?

சேலையின் அடிக்கரையில் உட்பக்கமாக வைக்கும் பட்டைத் துணிதான் ஃபால்ஸ். அதைக் கையால் தைப்பவர்களுக்குத் தெரியும், தைப்பதைவிடத் துணியை நகராமல் நிறுத்துவதுதான் பெரும்பாடு. இரண்டரை மீட்டர் நீளத்தில் முழத்துக்கு ஒரு நூல் விலகினாலும் முடிவில் சுருக்கம் விழுந்து, கட்டும்போது கொசுவத்தின் அடி தூக்கிக்கொள்ளும்.

ஆச்சி கால் பெருவிரலில் துணியை இடுக்கி இழுத்துத் தைப்பாள். ஜாக்கெட் ஹெம்மிங்குக்கு நானும் அப்படித்தான். சேலை நீளத்துக்கு முதுகு தாங்காது. வட்டச் சட்டம் பூவேலைக்கானது. பிளாஸ்டிக் கிளிப் ஓட்டை போடாது, ஆனால் விளிம்போடு சரி, ஃபால்ஸின் மேல்கரைக்கு எட்டாது. இரண்டு பருத்திச் சேலையில்தான் போட்டுப் பார்த்திருக்கிறேன்.

மிச்சம் குண்டூசியும், தைத்து முடித்ததும் பிரித்துவிடும் தற்காலிகத் தையலான ஓட்டுத் தையலும். குண்டூசி சீக்கிரம் முடியும். நாலு விரலுக்கு ஒன்று என்று குத்தினால் இரு கரைக்கும் அறுபது ஆகும். தைக்கிற நூல் அதன் கொண்டையில் போய் மாட்டும், அதைக்கூடப் பொறுக்கலாம். துணியில் விடும் தடத்தைத்தான் பொறுக்க முடியாது.

போன ஆனியில் நெல்லையப்பர் தேரோட்டத்துக்கு மதினி கட்ட வேண்டிய சந்தன நிறப் பட்டு. குண்டூசி குத்தி, பாதி தைத்து, மடித்து வைத்தேன். சாரல் பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் கழித்து விரித்தால் கரையோரம் கடுகு அளவில் மூன்று துருப்பொட்டு. பருத்தி என்றால் எலுமிச்சையும் உப்பும் தேய்த்து வெயிலில் போடலாம்; பட்டில், அதுவும் ஜரிகைப் பக்கத்தில், கை வரவில்லை. "விடுட்டி, கொசுவத்துக்குள்ள போயிரும்" என்றாள் மதினி. எனக்குத்தான் மனசு ஆறவில்லை. துரு இல்லாவிட்டாலும், நெருக்கமான பட்டில் தடித்த ஊசி போட்ட துளை எளிதில் மூடாது.

குண்டூசியே ஆகாது என்பதல்ல. இடையன்குடியில் கால்டுவெல் ஐயரின் மனைவி எலைசா அம்மாள் கற்றுக்கொடுத்த லேஸ் வேலை குண்டூசியில்தான் நிற்கிறது. அங்கே திண்டில் மாதிரித்தாளை விரித்து, அதில் குத்திய குண்டூசிகளைச் சுற்றி நூலைப் பின்னுவார்கள்; துளை விழுவது தாளிலும் திண்டிலும், லேஸில் இல்லை.

அதனால் பட்டுக்கு ஓட்டுத் தையல்தான். ஃபால்ஸை முதலில் தண்ணீரில் நனைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டுவிடுவேன். இல்லையென்றால் பிறகு சுருங்கி சேலையையும் இழுக்கும். பத்தமடைப் பாயில் சேலையை விரித்து, இடுப்பில் செருகும் முனையிலிருந்து ஒரு சாண் தள்ளி ஃபால்ஸை வைப்பேன். கீழ்க்கரையை ஒட்டவைத்து, உள்ளங்கையால் மேல்நோக்கி நீவி, மெல்லிய ஊசியில் ஒற்றை வெள்ளை நூலால் ஒன்றரை அங்குலத்துக்கு ஒரு தையல். சாய நூல் வேண்டாம், வெளிர்ப் பட்டில் இறங்கிவிடும். இழுத்து இறுக்கவும் கூடாது. அரை மணி நேரம் கூடுதலாகப் பிடிக்கும். ஆனால் பாதியில் மடித்து வைத்துவிட்டு உலை வைக்கப் போகலாம், மறுநாளும் வைத்த இடத்திலேயே இருக்கும்.

ஃபால்ஸைத் தைத்து முடித்து, ஓட்டுத் தையலைப் பிரிக்கும்போது ஒரே உருவாக உருவினால் பட்டு கொசுகொசுவென்று சேர்ந்துவிடும். சாணுக்கு ஒரு இடத்தில் வெட்டி, துண்டு துண்டாக எடுக்க வேண்டும்.

வீட்டில் உடுத்தும் பருத்திச் சேலைக்கு இன்றும் குண்டூசிதான். ஒரே அமர்வில் தைத்து முடித்து, குத்தியதை எண்ணி டப்பாவில் போட்ட பிறகுதான் சேலையை மடிப்பேன்.