சர்நேம் இல்லாத பாஸ்போர்ட்டா? விசா ஏஜென்ட்டிடம் ஜாக்கிரதை

மும்பையில் செம்பூர், மாட்டுங்கா, தாராவிப் பக்கம் இருக்கும் நம்மவர்கள் யாராவது வியட்நாம் கிளம்புவதாக இருந்தால் தயவுசெய்து படித்துவிடுங்கள். போன டிசம்பரில் எங்கள் அம்மாவை ஏர்போர்ட்டிலேயே நிறுத்திவிட்டார்கள்.

நான், மனைவி, மகன், அம்மா என நான்கு பேர். இ-விசாவை மாட்டுங்கா ஸ்டேஷன் அருகே ஒரு ஏஜென்ட்டிடம் கொடுத்தேன். தலைக்கு 6,000 ரூபாய். ஒருமுறை நுழைவதற்கு அரசுக் கட்டணம் 25 டாலர்தான், இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாய். அது எனக்கு அப்போது தெரியாது. எப்போது போன் செய்தாலும் 'ப்ராசஸில் இருக்கிறது' என்ற ஒரே பதில். விசா எந்த நிலையில் இருக்கிறது என்று இணையத்தில் நாமே பார்க்கலாமென்றால் விண்ணப்பப் பதிவு எண்ணோடு, விண்ணப்பத்தில் கொடுத்த மின்னஞ்சலும் வேண்டும். அவர் தன்னுடையதைப் போட்டிருந்தார். கடைசியில் கிளம்புகிற அன்று சாயங்காலம் நாலு மணிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். பெட்டி கட்டுகிற அவசரத்தில் பிரின்ட் மட்டும் எடுத்துக்கொண்டேன். அதுதான் தப்பு.

இரவு மும்பை ஏர்போர்ட்டின் டி2 டெர்மினலில் செக்-இன். அம்மாவின் விசாத்தாளையும் பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கவுன்டரில் இருந்த பெண் பேனா முனையால் பெயர் வரியைத் தொட்டுக் காட்டினார். பாஸ்போர்ட்டில் அம்மாவுக்குச் சர்நேம் இடம் காலி. ஏஜென்ட் கடைசிப் பக்கத்தில் கணவர் பெயராக இருந்த என் அப்பாவின் பெயரைச் சர்நேமாகச் சேர்த்திருக்கிறார். பெயர் பொருந்தவில்லை, அனுப்ப முடியாது என்றார்கள். கெஞ்சிப் பார்த்தோம், நடக்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அங்கே போய் இறங்கித் திருப்பி அனுப்பியிருந்தால் இன்னும் கொடுமை. மனைவியும் மகனும் விமானம் ஏற, நாங்கள் இருவரும் டாக்சியில் வீடு திரும்பினோம். 'என்னாலதானே' என்று அம்மா வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

மறுநாள் ஏஜென்ட் சொன்னது: 'சர்நேம் இல்லாமல் யாராவது இருப்பார்களா? உங்கள் பாஸ்போர்ட்டில்தான் கோளாறு.' ஒரு பைசா திரும்பவில்லை. வியட்நாம் அரசின் இ-விசா தளத்தில் நானே உட்கார்ந்து, பாஸ்போர்ட்டில் இருப்பதை அப்படியே போட்டேன். பாஸ்போர்ட் பக்கத்தின் படம், முகப் படம், 25 டாலர், அவ்வளவுதான். ஆனால் இரண்டு பேருக்கும் டிக்கெட் புதிதாக எடுக்க வேண்டியதாயிற்று.

சர்நேம் இல்லாதவர்கள் ஏஜென்ட்டிடம் கொடுத்தாலும் உங்கள் மின்னஞ்சலையே போடச் சொல்லுங்கள். பதிவு எண்ணை அன்றே வாங்குங்கள். விசா வந்ததும் பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், நுழையும் தேதி நான்கையும் எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். துபாய் போகிறவர்களும் கவனியுங்கள்: ஐக்கிய அமீரகம் 2022 நவம்பரில் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா விசா இல்லை என்றது. கடைசிப் பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் பரவாயில்லை என்று அப்புறம் தளர்த்தியது. டிக்கெட் எடுக்கும் முன்பே விமான நிறுவனத்திடம் கேட்டுவிடுங்கள்.

அம்மாவின் பாஸ்போர்ட்டில் சர்நேம் சேர்க்க விண்ணப்பித்துவிட்டோம். அடுத்த வாரம் லோயர் பரேல் பாஸ்போர்ட் சேவா கேந்திராவில் அப்பாயின்ட்மென்ட்.