91,000 கிலோமீற்றர் ஓடிய என் பைக்கும் ஒரு காலை டிராக் ஓட்டமும்

2018 இல் புதுசாக எடுத்த பைக். 150 சிசி, காபரேட்டர், முன்னால் டிஸ்க், பின்னால் ட்ரம். வீடு தலவாக்கலையில், வேலை நுவரெலியாவில். அதாவது காலையில் ஏறத்தாழ 1,200 மீற்றரில் இருந்து 1,868 மீற்றருக்கு ஏற வேண்டும், மாலையில் அவ்வளவும் இறங்க வேண்டும். இன்றைக்கு மீற்றரில் 91,000 காட்டுகிறது. போன மாசி மாதம் நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு டிராக் ஓட்டம் வைத்தோம். ஏழு வருஷமாக எனக்குத் தெரியாமல் இருந்த ஒரு விஷயம் அன்று மூன்று மணி நேரத்தில் வெளியே வந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எஞ்சினில் குறை சொல்ல எனக்கு மனசில்லை. இதுவரை ஹெட் கழற்றவில்லை. 2,500 கிலோமீற்றருக்கு ஒருதரம் எஞ்சின் ஒயில் மாற்றியிருக்கிறேன், செயின் செட் நாலு தடவை போட்டிருக்கிறேன். புல் வெள்ளையாக உறைந்து கிடக்கும் தை மாதத்துக் காலையிலும் சோக்கை இழுத்தால் இரண்டாவது உதையில் பிடித்துவிடும். முன் போர்க் சீல் இரண்டு முறை போனது. எங்கள் ரோட்டுக் குழிகளுக்கு அது தாங்கியதே பெரிது. போகும் வழியில் ராதெல்லப் பக்கம் மூடுபனி இறங்கினால் கொம்பனி கொடுத்த ஹெட்லைட் காணாது. மஞ்சள் பல்ப் போட்ட பிறகுதான் ரோட்டோரத்து வெள்ளைக் கோடு கண்ணுக்குத் தெரிந்தது.

2022 ஐ இங்கே சொல்லியாக வேண்டும். பெற்றோல் தட்டுப்பாட்டில், கியூஆர் குறியைக் காட்டி அளந்து வாங்கும் முறை ஜூலையில் வந்தபோது பைக்குக்குக் கிழமைக்கு 4 லீற்றர். இந்த வண்டி லீற்றருக்கு 43, 44 கொடுக்கும். என் கிழமை ஓட்டமோ 300 கிலோமீற்றர். பாதி நாள் பஸ்ஸில் போனேன். பைக்கில் போன நாட்களில், வீடு திரும்பும்போது எஞ்சினை நிறுத்தி நியூட்ரலில் உருட்டிக்கொண்டே இறங்கினேன். அந்த ரோட்டில் எத்தனையோ பேர் அப்படித்தான் இறங்கினார்கள். பெற்றோல் வரிசை போய்விட்டது, என் கையில் அந்தப் பழக்கம் மட்டும் தங்கிவிட்டது.

இனி அந்த நாள். நண்பன் ஒருவனின் மாமா வேலை செய்யும் தோட்டத்தில், மூடிப் பல வருஷமான ஒரு தேயிலை பெக்டரி இருக்கிறது. அதைச் சுற்றிக் கொங்கிரீட் ரோடு. மேலே நேராக ஒரு துண்டு, பிறகு இறக்கம், இறக்கத்தின் கடைசியில் ஒரு முடக்கு, அங்கிருந்து திரும்ப ஏற்றம். ஒரு சுற்று 900 மீற்றர் வரும். மனேஜரிடம் கேட்டு, வாச்சரையும் கூட வைத்துக்கொண்டுதான் ஓடினோம். தோட்டத் தொழிலாளர் லயத்துப் பிள்ளைகள் பார்க்க ஓடி வந்தார்கள். 2024 ஏப்ரலில் தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் கார்ப் பந்தயத்தில் கார் பாதையை விட்டுப் பாய்ந்து 7 பேர் செத்தது எங்கள் எல்லோர் மனசிலும் இருந்தது. அதனால் பிள்ளைகளைப் பெக்டரி மாடிக்கு ஏற்றி, கீழே ஒருவரையும் விடவில்லை. அதைச் சரியாகச் செய்தோம் என்பதில் இன்றைக்கும் எனக்கு நிறைவு.

வண்டிகள்தான் ஒவ்வொன்றாகப் படுத்தன. இரண்டாம் சுற்றிலேயே கொட்டகலை நண்பனின் 100 சிசிக்குக் கிளட்ச் கேபிள் லிவர் பக்கம் அறுந்தது. ஸ்கூட்டர் கொண்டு வந்த தம்பிக்கு ஏற்றத்தில் பெல்ட் போனது. எஞ்சின் கத்துகிறது, டயர் சுற்றவில்லை, ரப்பர் கருகிய வாசனை. பொகவந்தலாவையில் இருந்து வந்தவனின் டிரெயில் பைக்கில் செயின் லொக் எங்கோ கழன்று விழுந்துவிட்டது. நாலு பேரும் ரோட்டில் குனிந்து முக்கால் மணி நேரம் தேடினோம். கடைசியில் கானுக்குள் கிடந்தது. இவை எதுவும் டிராக்கில் புதிதாக உண்டான பழுது இல்லை. வரும்போதே பாதி அறுந்த கேபிள், பாதி தேய்ந்த பெல்ட்.

என் முறை பத்தாம் சுற்றில் வந்தது. இறக்கத்தில் மூன்றாம் கியர். முடக்குக்கு முன்னால் பிரேக்கைப் பிடித்தேன். லிவர் பஞ்சு மாதிரி உள்ளே போய்க் கைப்பிடியில் முட்டியது. வண்டி நிற்கவில்லை. வளைவுக்கு அந்தப் பக்கம் அப்போதுதான் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக் குட்டையாக்கின மலை. விழுந்தால் சீவிய குச்சிகளின் மேல்தான் விழ வேண்டும். இரண்டாம் கியருக்கு இறக்கி, பின் பிரேக்கை மிதித்து, உள்பக்கம் இருந்த மண் மேட்டில் ஏற்றி நிறுத்தினேன். காலைக் கீழே வைத்தபோது முழங்கால் நடுங்கியது.

கேபிள் மாற்றுவதற்காக வந்திருந்த கராஜ் அண்ணன் டிஸ்க்குக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோய் உடனே எடுத்தார். பிறகு லிவருக்குப் பக்கத்தில் இருக்கும் பிரேக் ஒயில் டப்பா மூடியைக் கழற்றினார். உள்ளே இருந்தது கடுஞ்சாயத் தேத்தண்ணி நிறத்தில் இருந்தது. அடியில் கறுப்பாக மண்டி.

"தம்பி, இந்த ஒயில கடைசியா எப்ப மாத்தின?"

"மாத்தினதே இல்லண்ணே. குறைஞ்சா ஊத்துவேன்."

அவர் ஒன்றும் ஏசவில்லை. பையில் இருந்து ஒரு சேலைன் டியூப்பை எடுத்து, டிஸ்க்கைக் கவ்வும் கலிப்பரில் ஒயில் வெளியேறும் நிப்பிளில் மாட்டினார். "பம்ப் பண்ணு... பிடிச்சிக்க... விடாத" என்று சொல்லச் சொல்ல நான் லிவரை அமுக்கினேன். டியூப் வழியாகக் குமிழி குமிழியாகக் காற்றும் கறுப்புத் தண்ணியும் வந்தன. தெளிந்த ஒயில் வர இருபது நிமிஷம் பிடித்தது. பிரேக் பேட்டில் ஒரு மில்லிமீற்றர்கூட மிச்சம் இல்லை.

காரணம் இதுதான். பிரேக் ஒயில் காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும். இந்த வண்டிக்கு ஊற்றும் டொட் 4 வகை பிரேக் ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் அந்த வரம்பு 155 வரை இறங்கிவிடலாம். கொதித்தால் குழாய்க்குள் ஆவி. ஆவி அமுங்கும், ஒயில் அமுங்காது. லிவர் உள்ளே போவது அதனால்தான். மழையும் மூடுபனியும் விடாத எங்கள் ஊரில், நியூட்ரலில் உருட்டி எல்லாப் பாரத்தையும் பிரேக்கின் தலையில் போட்ட நான், இதை நானுஓயா இறக்கத்தில் லொறிக்குப் பின்னால் வைத்துத் தெரிந்துகொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்று இரவு தூக்கம் வரவில்லை.

நுவரெலியாவில் 1934 இலிருந்து நடக்கும் மஹகஸ்தோட்டை மலையேற்றப் போட்டியைச் சின்ன வயசில் இருந்து பார்க்கிறேன். அங்கே வண்டி மேலே ஏறுவதற்குத்தான் நேரம் கணக்கு. நாங்களும் பைக் வாங்கும்போது ஏற்றத்தில் இழுக்குமா என்றுதான் கேட்கிறோம். இறங்கும்போது நிற்குமா என்று நான் ஒரு கடையிலும் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு மாற்றியவை. டொட் 4 ஒயில் வருஷத்துக்கு ஒருதரம். புத்தகத்தில் இரண்டு வருஷம் என்று இருக்கிறது, எனக்கு அது போதாது. நியூட்ரல் இறக்கம் அடியோடு நிறுத்தம், ஏறின கியரிலேயே இறக்கம். அன்றே எஞ்சினில் தீப்பொறி கொடுக்கும் பிளக்கையும் கழற்றிப் பார்த்தோம், கரிக்கட்டி மாதிரி இருந்தது. நுவரெலியா உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்று குறையும்போது பெற்றோல் கூடிப்போகிறது. காபரேட்டரில் பெற்றோல் வரும் துளையான மெயின் ஜெட்டை ஒரு அளவு சின்னதாகப் போட்டதும் பிளக் மண்ணிறத்துக்கு வந்தது, லீற்றருக்கு 46 கிடைக்கிறது. ஆனால் இந்த ஜெட்டோடு கொழும்புக்கு இறங்கி நீண்ட தூரம் விரட்டக்கூடாது. கீழே காற்று அடர்த்தி, எஞ்சின் சூடாகும்.

இந்த வண்டியை விற்க மாட்டேன். மலையில் தினமும் ஓடுகிறவர்களுக்குத் தைரியமாகச் சொல்வேன், நல்ல எஞ்சின். பழையது வாங்குகிறீர்கள் என்றால் எஞ்சின் சத்தம் கேட்பதற்கு முன்னால் அந்தச் சின்ன டப்பாவின் மூடியைத் திறந்து நிறத்தைப் பாருங்கள். என்னுடையது இப்போது வெளுத்த தேன் நிறம். நேற்று மாலை ராதெல்ல இறக்கத்தில் மழை. லிவர் பாதியிலேயே கெட்டியாக நின்றது. ஸ்கூட்டர் பெல்ட் கொழும்பில் இருந்து வந்துவிட்டதாம். வாச்சர் மாமாவிடம் அடுத்த போயா லீவு நாளுக்கு டிராக்கைக் கேட்டிருக்கிறோம்.