கரண்ட் போனால் கடைக்கு எது தாங்கும்? ஜெனரேட்டரும் பேட்டரிப் பெட்டியும், பினாங்குக் கடைவீட்டுக் கணக்கில்

லெபோ பாசாரிலோ லெபோ குயினிலோ உள்ள ஒரு கடைவீட்டை எடுத்துக்கொள்வோம். முகப்பு ஒரு லாரி அகலம். உள்ளே போனால் போய்க்கொண்டே இருக்கும்: நடுவில் காற்றுக்கான திறந்த முற்றம், பின்னால் அடுக்களை, அதற்கும் பின்னால் சந்து. புயல்மழையில் கரண்ட் போனால் இந்தக் கடைக்கு எதை வாங்கி வைப்பது என்ற கேள்விக்கு வாட் கணக்கு பாதி விடையைத்தான் தரும். புகை எந்தப் பக்கம் போகும் என்று பார்த்தால்தான் மீதி விடை தெரியும்.

இங்கே எடுத்துக்கொண்டவை இரண்டு. ஒன்று, ஹோண்டா இயூ22ஐ இன்வெர்ட்டர் ஜெனரேட்டர். உச்சம் 2.2 கிலோவாட், தொடர்ந்து தரக்கூடியது 1.8 கிலோவாட், டாங்கி 3.6 லிட்டர், எடை சுமார் 21 கிலோ. இன்னொன்று, எக்கோஃப்ளோ டெல்டா 2 பேட்டரிப் பெட்டி. கொள்ளளவு 1024 வாட்-மணி, ஒரே நேரத்தில் தரக்கூடியது 1800 வாட், எடை 12 கிலோ, உள்ளே லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல்கள். சந்தையில் இதே அளவில் வேறு பெயர்களும் நிறைய உண்டு. கீழே வரும் கணக்கு அவற்றுக்கும் பொருந்தும்.

முதலில் ஓர் எச்சரிக்கை. இடி இடித்ததும் கடை இருண்டுவிட்டால் எதையும் இழுத்து ஓட்டாதீர்கள். எதிர்க்கடையைப் பாருங்கள். அங்கே விளக்கு எரிந்தால் போனது பெரும்பாலும் டி.என்.பி. (மின்வாரியம்) கரண்ட் அல்ல, உங்கள் டிபி பெட்டியில் (மெயின் ஸ்விட்சுகள் உள்ள பெட்டி) ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிந்தால் தானாக நிறுத்தும் ஸ்விட்ச், விழுந்திருக்கிறது. மின்னல் நேரத்தில் இது அடிக்கடி நடப்பதுதான். ஒவ்வொரு லைனுக்கும் தனித்தனியாக உள்ள சின்ன ஸ்விட்சுகளான எம்சிபி எல்லாவற்றையும் இறக்கி, ஆர்சிசிபியை ஏற்றி, பிறகு எம்சிபியை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது மறுபடி விழுகிறதோ அந்த லைனில் கோளாறு. மழைநீர் இறங்கிய வெளிப்பலகை விளக்காக இருக்க வாய்ப்பு அதிகம். அந்த ஒன்றை மட்டும் இறக்கி வைத்துவிட்டு வியாபாரத்தைப் பார்க்கலாம். தெருவே இருண்டிருந்தால் டி.என்.பி.யின் 15454 எண்ணை அழையுங்கள்.

தெரு இருள்வதிலும் இரண்டு வகை உண்டு. காற்றில் மரம் சாய்ந்து கம்பி அறுந்தால் சில மணி நேரத்தில் சரிசெய்துவிடுவார்கள். வெள்ளம் வேறு மாதிரி. 2017 நவம்பர் 4 இரவு தொடங்கிய மழையும் காற்றும் பினாங்கையே மூழ்கடித்து ஏழு உயிர்களைக் கொண்டுபோயின. அந்த மாதிரி நேரத்தில் துணைமின்நிலையத்துக்குள் தண்ணீர் ஏறினால் பாதுகாப்புக்காக அவர்களே கரண்டை நிறுத்துவார்கள். தண்ணீர் வடிந்து, சோதனை முடிந்த பிறகுதான் மறுபடி வரும். சில மணி நேரத் தடைக்குப் பேட்டரி போதும். ஒரு நாளைத் தாண்டினால் எண்ணெய் (பெட்ரோல்) எரியும் எஞ்சின்தான் கைகொடுக்கும்.

பேட்டரிப் பெட்டியின் கணக்கு

1024 வாட்-மணி என்று பெட்டியில் அச்சடித்திருந்தாலும், அது 230 வோல்ட்டாக மாறும்போது கொஞ்சம் உள்ளேயே கரையும். 870 என்று வைத்துக் கணக்குப் போடுவதே பத்திரம். 18 வாட் எல்ஈடி குழல்விளக்கு ஆறு என்றால் 108. சுவர் விசிறி இரண்டு, 120. கல்லாப்பெட்டிக் கணினி 40, இணைய மோடமும் ரூட்டரும் சேர்ந்து 20. மொத்தம் 288 வாட். 870-ஐ 288-ஆல் வகுத்தால் மூன்று மணி நேரம். விசிறிகளை நிறுத்தினால் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓடும். ஆனால் விசிறி இல்லாத கடைவீட்டில் மத்தியானம் எந்த வாடிக்கையாளர் உட்கார்வார் என்பதையும் யோசிக்க வேண்டும்.

இதில் ஃப்ரீசரைச் சேர்க்கலாமா? 200 லிட்டர் பெட்டி ஃப்ரீசர் ஓடும்போது 120 வாட் அளவுதான் இழுக்கும். கம்ப்ரஸர் கிளம்பும் நொடியில் மட்டும் அதைப் போல ஐந்தாறு மடங்கு. 1800 வாட் பெட்டிக்கு இது பெரிய சுமையில்லை. ஆனால் ஒரு ஃப்ரீசருக்காக விளக்கையும் கல்லாவையும் சீக்கிரம் இழக்கத் தேவையே இல்லை. நிறைந்த ஃப்ரீசர் மூடியைத் திறக்காதவரை 48 மணி நேரம் குளிரைப் பிடித்து வைக்கும், பாதி நிறைந்தது 24 மணி நேரம். பிரிட்ஜ்தான் நான்கே மணி நேரம். ஆகவே முதலில் கரண்ட் கேட்பது பிரிட்ஜ்: தேங்காய்ப்பால், தயிர், அரைத்த சட்னி, சமைத்த குழம்பு எல்லாம் அங்கேதான் இருக்கும். உள்ளே ஒரு தெர்மாமீட்டர் தொங்கட்டும். 4 டிகிரிக்கு மேல் போய் இரண்டு மணி நேரம் ஆன இறைச்சியையும் பால் பொருளையும் கொட்டத்தான் வேண்டும். முகர்ந்து பார்த்து முடிவு செய்யக் கூடாது. இட்லி மாவு கெட்டுப்போகாது, புளிக்கும். மறுநாள் அதைத் தோசையாக்கி ஒப்பேற்றிவிடலாம்.

டெல்டா 2-இன் பலம் சத்தமோ புகையோ இல்லாதது. கல்லாவுக்குப் பக்கத்திலேயே வைக்கலாம். சுவர் பிளக்கில் செருகி, கணினியை அதன் வழியாக ஓட்டினால், கரண்ட் போகும்போது சுமார் 30 மில்லிநொடியில் பேட்டரிக்கு மாறும். பெரும்பாலான கல்லாக் கணினிகளுக்கு இது தெரியாது. பழைய மின்வழங்கி உள்ள சில கணினிகள் மட்டும் மறுதொடக்கம் ஆகும். வாங்கிய அன்றே பிளக்கைப் பிடுங்கிச் சோதித்துவிடுங்கள். வேகமாகச் சார்ஜ் ஏறுவதும் நிஜம்: 50 நிமிடத்தில் 80 விழுக்காடு. அந்த நேரம் 1200 வாட் இழுக்கும். அதே நீட்டிப்புப் பலகையில் தண்ணீர்க் கெட்டிலும் செருகியிருந்தால் 13 ஆம்பியர் ஃபியூஸ் போகும். பெட்டிக்கான கைபேசிச் செயலியில் சார்ஜ் வேகத்தைக் குறைத்து வைப்பதே நல்லது.

குறைகளும் உண்டு. 45 டிகிரிக்கு மேல் இது வேலை செய்யத் தயங்கும், தோசைக்கல்லுக்கு இரண்டடி தள்ளி வைத்தால் அந்தச் சூடு வந்துவிடும். தண்ணீர் ஏறும் தெருவில், உதாரணத்துக்கு ஜாலான் பி. ராம்லி பக்கம், தரையில் வைப்பது வாங்கிய காசை ஆற்றில் விடுவதுதான். மேசை உயரத்துக்குக் குறையாத தட்டு ஒன்று செய்துகொள்ளுங்கள். இன்னொன்று, ஆறு மாதம் மூலையில் கிடந்துவிட்டுத் தேவைப்படும் நாளில் காலியாக நிற்கும் சாதனம் இதுதான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இறக்கி ஏற்றுவது செல்லுக்கும் நல்லது, உங்களுக்கும் பழக்கமாகும். அரிசி வேகவைக்கும் பெரிய மின்பானை, தண்ணீர் சூடாக்கி, ஏர்கான் மூன்றையும் இதில் செருகும் எண்ணமே வேண்டாம்.

ஜெனரேட்டரின் கணக்கு

கால் சுமையில், அதாவது 450 வாட் அளவில், இயூ22ஐ ஒரு டாங்கியில் சுமார் எட்டு மணி நேரம் ஓடும். முழுச் சுமையில் மூன்று மணி நேரம் சொச்சம்தான். அதனால் எண்ணெய்ச் செலவை முடிவு செய்வது நீங்கள் எதையெல்லாம் செருகுகிறீர்கள் என்பதே. விளக்கு, விசிறி, பிரிட்ஜ், ஒரு ஃப்ரீசர் எல்லாம் சேர்த்து ஓட்டினாலும் சராசரி அரைக் கிலோவாட்டைச் சுற்றியே நிற்கும். இரண்டு கதவு காட்சிப் பிரிட்ஜ் வைத்திருப்பவர்கள் மட்டும் பின்புற லேபிளைப் பார்க்க வேண்டும். ஆம்பியரை 230-ஆல் பெருக்குங்கள்: 1.8 ஆம்பியர் என்றால் 414. கிளம்பும்போது அதைப் போல ஐந்து மடங்கு என்று வைத்தால் 2070, உச்ச வரம்பைத் தொடும் எண். அந்தப் பிரிட்ஜை முதலில் தனியாகக் கிளப்பி, நிலைத்து ஓட ஆரம்பித்ததும் மற்றவற்றைச் செருகுவதுதான் முறை.

புதிதாக வாங்குபவர்கள் தடுமாறுவது ஈக்கோ ஸ்விட்சில். அதைப் போட்டு வைத்தால் சுமை குறையும்போது எஞ்சின் தணிந்து ஓடி எண்ணெயை மிச்சப்படுத்தும். ஆனால் தணிந்து ஓடும் நேரம் பார்த்துக் கம்ப்ரஸர் கிளம்பினால், எஞ்சின் வேகம் பிடிப்பதற்குள் வோல்ட் சரியும். கம்ப்ரஸர் முனகிவிட்டு நிற்கும், அல்லது ஓவர்லோட் விளக்கு சிவக்கும். சிவந்தால் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும், கரண்ட் மட்டும் வராது. ‘மெஷின் போச்சு’ என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. எல்லா பிளக்கையும் பிடுங்கி, எஞ்சினை நிறுத்தி, ஈக்கோவை அணைத்து, மறுபடி இழுத்துக் கிளப்புங்கள். இன்னொரு பொய்க்கோளாறு: திடீரென்று நின்று, எத்தனை முறை கயிற்றை இழுத்தாலும் கிளம்பாது. சரிந்த தரையில் வைத்திருப்பீர்கள், அல்லது எஞ்சின் ஆயில் குறைந்திருக்கும். ஆயில் எச்சரிக்கை எஞ்சினைக் காப்பாற்றத்தான் நிறுத்துகிறது. ஆயில் மொத்தமே அரை லிட்டர்கூட இல்லை. முதல் மாற்றம் 20 மணி நேரத்தில், பிறகு 100 மணி நேரத்துக்கு ஒருமுறை.

உண்மையிலேயே மெஷின் கெடுவது பழைய பெட்ரோலால். டாங்கியிலும் கார்புரேட்டரிலும் மாதக்கணக்கில் கிடக்கும் பெட்ரோல் பிசினாகி நுண்துளையை அடைத்துவிடும். ஓட்டி முடித்ததும் டாங்கியை வடித்து, மிச்சம் தீர்ந்து எஞ்சின் தானாக நிற்கும்வரை விட்டு, பிறகு மூடி வையுங்கள். கேனில் பெட்ரோல் பிடிப்பதற்கு இங்கே கட்டுப்பாடு உண்டு. புயல் வந்த இரவில் நிலையத்தில் நின்று வாதாடிப் பயனில்லை. அனுமதி வேண்டுமா என்று முன்பே விசாரித்து வையுங்கள். சூடான எஞ்சினில் ஊற்றாதீர்கள், குறைந்தது கால் மணி நேரம் ஆற விடுங்கள்.

இனி புகை. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸை உறைய வைத்த பனிப்புயலில், நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் போனபோது, வீட்டுக்குள்ளும் கார் கொட்டகையிலும் ஜெனரேட்டரையும் கரி அடுப்பையும் மூட்டியவர்கள் இந்த வாயுவால் செத்தார்கள். அங்கே குளிர் விரட்டியது, இங்கே மழை விரட்டும். ‘நனைந்துவிடும்’ என்று மெஷினை ஐந்தடி நடைபாதைக்குள் இழுப்பதுதான் ஜார்ஜ் டவுனில் வழக்கமான தவறு. அது மேலே கூரையும் பக்கத்தில் வாசலும் உள்ள குழாய் மாதிரி. உங்கள் புகை பக்கத்துக் கடைக்குள் போகும், மாடியில் தூங்குகிறவர்களின் சன்னலுக்கும் ஏறும். நடு முற்றம் அதைவிட மோசம். திறந்த வானம் தெரிகிறதே என்று ஏமாறாதீர்கள். கதவு, சன்னல் எதிலிருந்தும் ஆறு மீட்டர் தள்ளி, புகைக்குழல் கடைக்கு எதிர்ப்பக்கம் திரும்பி இருக்க வேண்டும். பின்சந்து அகலமாக உள்ளவர்களுக்கே இது சாத்தியம். மழைக்கு, நாலு பக்கமும் திறந்த சின்னக் கூரை போதும். உள்ளே பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றும் அவசியம். அடுக்களையில் எரிவாயு அடுப்பு எரிந்து, புகைபோக்கி விசிறி நின்றிருந்தால் அதற்கும் உதவும்.

சந்திலிருந்து கடைக்குள் வர 20 மீட்டராவது கேபிள் வேண்டும். முழுதும் ரப்பர் உறையிட்ட மூன்று கம்பிக் கேபிள், 2.5 சதுர மில்லிமீட்டர் தடிமன். சுருட்டி வைத்தபடி ஓட்டாமல் முழுக்க விரித்து. யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்ப்பவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள்: மெல்லிய கேபிள் சூடேறும், மறுமுனையில் வோல்ட் குறையும், கம்ப்ரஸர் எரியும். இரண்டு முனையிலும் ஆண் பிளக் வைத்த கேபிளால் சுவர் சாக்கெட்டுக்குள் கரண்ட் அனுப்பும் ‘குறுக்குவழி’யைச் சொல்லித்தர ஆள் இருப்பார்கள். அது தெருக்கம்பிக்கு ஏறி, மழையில் கம்பம் ஏறியிருக்கும் தொழிலாளியைக் கொல்லும். கடை வயரிங்கோடு இணைக்க வேண்டுமென்றால் சுருஹஞ்சாயா தெனாகாவில் (மலேசிய எரிசக்தி ஆணையம்) பதிவு செய்த வயர்மேனை வைத்து, இரண்டு பக்கமும் ஒருபோதும் சேராத மாற்று ஸ்விட்ச் போடுங்கள்.

எதை வாங்குவது

துணிக்கடை, நகைக்கடை, பூக்கடை, முடிதிருத்தகம்: பேட்டரிப் பெட்டி மட்டும் போதும், ஜெனரேட்டர் வீண்செலவு. அதற்கும் பட்ஜெட் இல்லாத பெட்டிக்கடைக்கு, ரூட்டருக்கான சின்ன டிசி யூபிஎஸ் (கரண்ட் போனால் தானாகக் கைகொடுக்கும் சிறு பேட்டரி) ஒன்றும் சார்ஜ் விளக்கு இரண்டும் போதும். கியூஆர் கட்டணம் ஓடும். ஃபைபர் இணைப்பில் மோடம், ரூட்டர் இரண்டுக்கும் கரண்ட் வேண்டும் என்பதை மறந்து ஒன்றுக்கு மட்டும் மாட்டுவார்கள். இரண்டின் வோல்ட்டையும் அடியிலுள்ள லேபிளில் பார்த்து வாங்குங்கள்.

வாழை இலை உணவகம், மீன், இறைச்சி, உறைந்த பொருள் விற்கும் மளிகை: பின்சந்து இருந்தால் இரண்டும். பகலில் ஜெனரேட்டரை ஓட்டி ஃப்ரீசர்களைக் குளிரவைத்து, கூடவே பேட்டரியையும் நிரப்பி, இரவில் எஞ்சினை அணைத்துவிட்டுப் பேட்டரியில் பிரிட்ஜையும் ஒரு விளக்கையும் ஓட்டலாம். அப்போது பேட்டரியின் சார்ஜ் வேகத்தைச் செயலியில் பாதியாகக் குறைக்க வேண்டும். 1200 வாட்டும் ஃப்ரீசர் கிளம்பும் இழுப்பும் ஒன்றாக வந்தால் 1.8 கிலோவாட் எஞ்சின் திணறும். சந்து இல்லாத உணவகம் ஜெனரேட்டரை மறந்துவிட்டு, டெல்டா 2-க்குக் கூடுதல் பேட்டரி மாட்டிக்கொள்ளட்டும்.

தெருவிளக்கு திரும்ப எரிந்ததும் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் போடாதீர்கள். முதல் சில நிமிடங்கள் கரண்ட் வந்து வந்து போகும். பிரிட்ஜையும் ஃப்ரீசரையும் பிடுங்கியே வைத்து, விளக்கு ஐந்து நிமிடம் நிலையாக எரிந்த பிறகு ஒவ்வொன்றாகச் செருகுங்கள். கம்ப்ரஸருக்குள் அழுத்தம் சமமாக அந்த அவகாசம் வேண்டும்.